ஐவியும் மேவன் களஞ்சியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா நிரலைக் கட்டும் கருவியான ஆன்ட், அதற்கு வேண்டிய லைப்ரரிகளை இறக்கித் தரும் ஐவி இரண்டையும் வைத்துக் கட்டப்படும் திட்டங்கள் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய லைப்ரரிகள் மேவன் என்ற இன்னொரு கருவிக்காக அமைந்த பொதுக் களஞ்சியங்களில்தான் கிடைக்கின்றன. இந்த இரண்டும் ஒத்துப்போக ஐவி என்ன செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லைப்ரரியின் ஜார் கோப்பு (தொகுத்த ஜாவா நிரல் அடங்கிய கோப்பு) எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இந்த வேலையில் சிறு பங்குதான். அதனுடன் இருக்கும் விவரக் கோப்பை எழுதியவர் மேவனை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அதன் பொருள் மாறாமல் ஐவியின் முறைக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. உங்களுக்கு வரும் சிக்கல்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஐவிக்கென்று தனியாக ஒரு பொதுக் களஞ்சியம் இல்லையா?

அப்படி ஒரு முயற்சி இருந்தது. ஐவி 2004-ல் ஜேயாசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தில் தொடங்கியது. 2006-ல் அப்பாச்சி இன்குபேட்டருக்கு வந்து, 2007-ல் ஆன்ட்டின் துணைத் திட்டமானது. ஆரம்ப காலத்தில் 'ஐவிரெப்' என்ற ரிசால்வர், அதாவது களஞ்சியத்தில் தேடி எடுக்கும் பகுதி, விவரக் கோப்புகளை ஓரிடத்திலிருந்தும், ஜார்களை ஐபிப்ளியோவிலிருந்தும் எடுத்தது. ஐபிப்ளியோ என்பது அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இயங்கும் மின்நூலகம். அன்றைக்கு மேவனின் பொதுக் களஞ்சியம் அங்கேதான் இருந்தது. மேவன் சென்ட்ரல் என்ற அந்தப் பொதுக் களஞ்சியத்தைப் படிக்கும் ரிசால்வருக்கு இன்றும் 'ஐபிப்ளியோ' என்று பெயர் இருப்பது அதனால்தான்.

ஒவ்வொரு லைப்ரரியின் ஒவ்வொரு பதிப்புக்கும் யாராவது உட்கார்ந்து ஐவி விவரக் கோப்பு எழுதிக்கொண்டே இருக்க முடியாது. லைப்ரரியை வெளியிடுபவரே பாம் என்ற விவரக் கோப்பைத் தன் கையால் எழுதி மேவன் களஞ்சியத்தில் போட்டுவிடுகிறார். இருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் சரியான வழி. ஐவி அதைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

'எம்2கம்பாட்டிபிள்' என்ற அமைப்பு என்ன செய்கிறது?

மேவன் 1-ம் மேவன் 2-ம் கோப்புகளை வேறு வேறு விதமாக அடுக்கின. மேவன் 1-ல் குழுப் பெயர் ஒரே அடைவு. அதற்குள் 'ஜார்ஸ்' என்ற அடைவு, அதற்குள் எல்லாப் பதிப்புகளின் ஜார்களும் ஒன்றாகக் கிடக்கும். 2005 அக்டோபரில் வந்த மேவன் 2.0, குழுப் பெயரில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஓர் அடைவாகப் பிரித்தது. அதன் கீழே தொகுப்பின் பெயருக்கு ஓர் அடைவு, பிறகு பதிப்பு எண்ணுக்கு ஓர் அடைவு, அதற்குள் ஜாரும் பாமும் இருக்கும்.

ஐபிப்ளியோ ரிசால்வரில் இந்த அமைப்பை 'ட்ரூ' என்று வைத்தால் ஐவி இரண்டாவது அடுக்கைப் பின்பற்றும். வைக்காவிட்டால் பழைய அடுக்கில் தேடி, எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும். புதிதாக அமைப்பவர்களுக்கு 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

முகவரி சரியாகிவிட்டது. பாம் கோப்பையும் படித்தே ஆக வேண்டுமா?

'யூஸ்பாம்ஸ்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் ஐவி பாமைத் தொடாது. ஆனால் அப்போது அந்த ஜாருக்கு வேறு என்னென்ன ஜார்கள் தேவை என்பது ஐவிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். மிகச் சிறிய திட்டத்துக்கு அது போதும், மற்றவர்களுக்குப் போதாது.

இன்னொன்று, ஒரு பாம் தனியாக வருவது அரிது. காமன்ஸ் லாங் 3 என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாமுக்கு 'காமன்ஸ்-பேரன்ட்' என்ற தாய்க் கோப்பு உண்டு. அதற்கும் மேலே 'அப்பாச்சி' என்ற தாய்க் கோப்பு உண்டு. ஒரே ஒரு ஜாரைப் புரிந்துகொள்ள மூன்று பாம்களை இறக்கி, மாறிகளை நிரப்பி, மேலிருந்து வரும் பதிப்பு எண்களைச் சேர்த்த பிறகுதான் முழு விவரம் கிடைக்கும். உங்கள் நிறுவனத்தின் உள் களஞ்சியத்துக்கு ஜார்களை நகலெடுக்கும்போது தாய்ப் பாம்களை விட்டுவிடாதீர்கள்.

ஐவி இப்படிப் படித்ததைத் தன் முறையில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றி, பயனர் அடைவில் உள்ள '.ஐவி2' கேஷில் வைத்துக்கொள்கிறது. மூலப் பாமும் அதே இடத்தில் 'ஒரிஜினல்' என்ற பின்னொட்டுடன் இருக்கும். ஏதாவது புரியாவிட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். எந்த ஆவணத்தையும்விட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

மேவனின் ஸ்கோப்புகள் ஐவியில் என்னவாகின்றன?

இதுதான் மொத்த விஷயத்தின் மையம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேவனில் ஒரு டிபென்டன்சி (சார்பு, அதாவது ஒரு நிரலுக்குத் தேவைப்படும் இன்னொரு லைப்ரரி) எந்தக் கட்டத்தில் தேவை என்பதைச் சொல்ல 'கம்பைல்', 'ரன்டைம்', 'ப்ரொவைடட்', 'டெஸ்ட்', 'சிஸ்டம்' என்று சில நிலையான ஸ்கோப்புகள் உண்டு. நீங்களாகப் புதிது ஒன்றைச் சேர்க்க முடியாது. ஐவியில் இதே வேலையைச் செய்யும் கான்ஃபிகரேஷன்கள் முழுக்க முழுக்க உங்கள் விருப்பம். எத்தனை வேண்டுமானாலும், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வைக்கலாம். என்னுடைய இந்தக் கான்ஃபிகரேஷனுக்கு உன்னுடைய அந்தக் கான்ஃபிகரேஷன் வேண்டும் என்று அம்புக்குறி போட்டு இணைக்கலாம்.

ஐவி ஒரு பாமைப் படிக்கும்போது, மேவன் ஸ்கோப்புகளின் பெயரிலேயே கான்ஃபிகரேஷன்களை உருவாக்குகிறது. கூடவே தானாகச் சிலவற்றையும் சேர்க்கிறது. அவற்றுள் இரண்டு முக்கியம். 'மாஸ்டர்' என்றால் அந்தத் தொகுப்பின் ஜார் மட்டும், அதன் சார்புகள் எதுவும் இல்லை. 'டிஃபால்ட்' என்றால் அந்த ஜாரும், ஓடுவதற்கு அதற்குத் தேவையான எல்லாமும். இவை போக 'சோர்சஸ்', 'ஜாவாடாக்', 'ஆப்ஷனல்' என்பவையும் உண்டு.

பெரும்பாலான திட்டங்களுக்கு 'கம்பைல்->டிஃபால்ட்' என்ற இணைப்பு போதும். கம்பைல் செய்யும்போது வரும் சார்புகளைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள நினைத்தால் 'கம்பைல்->கம்பைல்(*),மாஸ்டர்(*)' என்று எழுத வேண்டும். இதில் மாஸ்டரை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மறந்தால் லைப்ரரியின் சார்புகள் எல்லாம் வந்துசேரும், கேட்ட லைப்ரரி மட்டும் வராது. பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் ஐவி சொன்னபடிதான் செய்திருக்கிறது.

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் நட்சத்திரம் ஒரு மாற்று வழி. எதிரே இருப்பது பாமிலிருந்து வராமல், நேரடியாக ஐவி கோப்பாக எழுதப்பட்டிருந்தால் அதில் 'கம்பைல்' என்ற பெயரே இல்லாமல் இருக்கலாம். அப்படி இல்லாதபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். சொந்த ஐவி தொகுப்புகளும் மேவன் தொகுப்புகளும் ஒரே திட்டத்தில் கலந்து வருவதற்கு இந்தச் சிறு குறி எவ்வளவோ உதவுகிறது.

கேட்காமலே சோர்ஸ் ஜார்களும் ஜாவாடாக் ஜார்களும் வருகின்றனவே?

நீங்கள் எந்த இணைப்பும் எழுதவில்லை என்றால், உன்னிடம் உள்ள எல்லாக் கான்ஃபிகரேஷன்களும் எனக்கு வேண்டும் என்று ஐவி எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன 'சோர்சஸ்', 'ஜாவாடாக்', 'ஆப்ஷனல்' எல்லாமும் அதில் சேர்ந்துவிடும். பாமை எழுதியவர் விருப்பச் சார்பு என்று குறித்ததுகூட உங்கள் கிளாஸ்பாத்தில் ஏறிவிடும். ஐவி கோப்பின் மேலேயே 'டிஃபால்ட்கான்ஃப்மேப்பிங்' என்ற அமைப்பில் பொதுவான இணைப்பை ஒருமுறை எழுதிவிடுங்கள், அப்புறம் இந்தத் தொல்லை இல்லை.

அதே டிபென்டன்சி பட்டியல்தான். மேவனில் ஒரு பதிப்பு வருகிறது, ஐவியில் வேறு பதிப்பு வருகிறது. எது தவறு?

இரண்டுமே தவறில்லை, இரண்டின் விதிகள் வேறு. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் மோதும்போது, சார்பு மரத்தில் உங்கள் திட்டத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அதை மேவன் எடுக்கும். தூரம் சமமாக இருந்தால் முதலில் எழுதப்பட்டது வெல்லும். ஐவியின் இயல்பான விதி வேறு: எது புதிய பதிப்போ அது வெல்லும். கிரேடில் என்ற இன்னொரு கட்டுமானக் கருவியும் உயர்ந்த பதிப்பைத்தான் எடுக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்றால், மேவனில் மட்டும் சோதித்து வெளியிடப்பட்ட ஒரு லைப்ரரி, அதை எழுதியவர் ஒருநாளும் ஓட்டிப் பார்க்காத ஒரு சேர்க்கையில் உங்களிடம் ஓடும். பொதுவாக ஐவியின் விதி பாதுகாப்பானது என்பது என் கருத்து. பழைய பதிப்பு வென்றால், புதிய மெத்தட் ஒன்றைத் தேடி நிரல் ஓடும்போது விழும். புதியது வென்றால் அப்படி விழும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் பெரிய எண் மாறும்போது, அதாவது 2-லிருந்து 3-க்குப் போகும்போது, இதை நம்பி இருக்கக் கூடாது.

மேவன் எடுக்கும் பதிப்புதான் வேண்டும் என்றால் அந்த வரியில் 'ஃபோர்ஸ்' என்று குறிக்கலாம். வழிவழியாக வருவதை மாற்ற 'ஓவர்ரைடு' உண்டு. மோதலே வரக் கூடாது, வந்தால் கட்டுமானம் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்ற மேலாளர் இருக்கிறது. எதைச் செய்வதற்கு முன்பும் ஐவியின் அறிக்கைப் பணியை ஓட்டி, எந்தப் பதிப்பு எதனால் வெளியேற்றப்பட்டது என்று பாருங்கள்.

'லேட்டஸ்ட்' என்று கேட்டால் 2003, 2004-ல் வந்த பதிப்பைக் கொடுக்கிறதே?

அநேகமாக காமன்ஸ் குடும்பத்து லைப்ரரியைக் கேட்டிருப்பீர்கள். மேவன் சென்ட்ரலில் காமன்ஸ் ஐஓவுக்கு 20030203.000550 என்று ஒரு பதிப்பு இருக்கிறது. காமன்ஸ் கலெக்ஷன்ஸுக்கு 20040616 என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் தேதியையே பதிப்பு எண்ணாகப் போட்டு ஏற்றியவை இவை. எண்ணாக ஒப்பிட்டால் இரண்டு கோடி என்பது 2-ஐயோ 3-ஐயோவிடப் பெரியதுதானே, ஐவி அதையே புதியது என்று எடுத்துவிடும்.

சென்ட்ரலில் ஏறியதை எடுக்கவோ மாற்றவோ மாட்டார்கள். அது நல்ல விதி, இன்று ஓடும் கட்டுமானம் நாளையும் ஓட வேண்டுமல்லவா? ஆகவே பழைய தவறுகளும் நிலைத்திருக்கும். பொதுக் களஞ்சியத்திலிருந்து 'லேட்டஸ்ட்' கேட்பதை விட்டுவிடுங்கள். குறிப்பிட்ட எண்ணை எழுதுங்கள், அல்லது 2-க்கும் 3-க்கும் இடையில் என்று எல்லை வையுங்கள்.

பதிப்புப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். களஞ்சியத்தில் 'மேவன்-மெட்டாடேட்டா' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தால் ஐவி அதைப் படிக்கும். அதைப் படிக்க வேண்டாம் என்று அமைத்தால் அடைவுப் பட்டியலைப் பார்த்து ஊகிக்கும். உள் களஞ்சியத்தை வெறும் கோப்பு நகலாக வைத்திருப்பவர்கள் மெட்டாடேட்டா கோப்பைப் புதுப்பிக்காமல் விட்டால், புதிதாகப் போட்ட பதிப்பு ஐவியின் கண்ணில் படாது.

பாம் இருக்கிறது, ஜார் இல்லை என்று பிழை வருகிறது.

இதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, சட்டக் காரணம். சன் நிறுவனத்தின் ஜேடிஏ என்ற லைப்ரரியின் 1.0.1பி பதிப்புக்கு சென்ட்ரலில் பாம் உண்டு, ஜார் கிடையாது. உரிமம் அதை அங்கே வைக்க இடம் தரவில்லை. நிரலின் நடப்பைப் பதிவுசெய்யும் லாக்4ஜே லைப்ரரியின் 1.2.15 பதிப்பைக் கேட்டவர்கள் எல்லோரும் இதே போன்ற ஒன்றில் மாட்டியிருப்பார்கள். அதன் பாம், ஜேஎம்எஸ், ஜேஎம்எக்ஸ் ஜார்களைக் கட்டாயச் சார்புகளாகக் கேட்கும், அவை சென்ட்ரலில் இருக்காது. அவற்றை விலக்கி எழுதினால் பழைய திட்டம் ஓடும். லாக்4ஜே 1 வரிசைக்கு ஆதரவு 2015-லேயே முடிந்துவிட்டது என்பதால், முடிந்தால் அதை விட்டு வெளியேறுவதே நல்லது.

இரண்டாவது, 'பேக்கேஜிங்' என்ற சொல். பாமில் 'பண்டில்' என்றோ 'ஈஜேபி' என்றோ 'மேவன்-ப்ளகின்' என்றோ எழுதியிருந்தாலும் உண்மையில் இருப்பது ஜார் கோப்புதான். மேவனில் அது ப்ளகின்கள் வழியாகத் தெரியும். ஐவிக்கு அந்த ப்ளகின்கள் கிடையாது, ஆகவே இந்தப் பெயர்களை ஒரு பட்டியலாக நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத புதிய பெயர் வந்தால் ஐவி அந்தப் பெயரையே கோப்பின் பின்னொட்டாக நினைத்துத் தேடும். சர்வ்லெட் 3.0-இன் ஒரு வெளியீடு 'ஆர்பிட்' என்ற பேக்கேஜிங்கோடு வந்தபோது, ஐவியை உள்ளே வைத்திருந்த எஸ்பிடி (ஸ்காலா மொழிக்கான கட்டுமானக் கருவி) பயனர்கள் இல்லாத '.ஆர்பிட்' கோப்பைத் தேடி அலைந்தது இதனால்தான். 'ஆர்பிட்' பிறகு பட்டியலில் சேர்ந்தது. உங்களுக்கு அப்படி ஒன்று வந்தால், டிபென்டன்சிக்குள் 'ஆர்ட்டிஃபாக்ட்' வரியைச் சேர்த்து, வகையும் பின்னொட்டும் ஜார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் கணினியிலேயே உள்ள '.எம்2' அடைவைக் களஞ்சியமாகக் காட்டியிருப்பீர்கள். மேவன் ஒரு மோதலைத் தீர்க்கும்போது தோற்ற பதிப்பின் பாமை மட்டும் இறக்கும், ஜாரை இறக்காது. ஐவி அந்த அடைவில் பாமைக் கண்டதும் தொகுப்பு இங்கே கிடைத்துவிட்டது என்று முடிவுசெய்து, ஜாரையும் அங்கேயே கேட்டு ஏமாறும். '.எம்2' அடைவு மேவனின் சொந்தக் கேஷ், அதைக் களஞ்சியமாகப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

ஸ்னாப்ஷாட் பதிப்புகள் பழையதாகவே நிற்கின்றன.

ஐவியைப் பொறுத்தவரை ஒரு பதிப்பை ஒருமுறை எடுத்தால் அது மாறாது. மேவனின் ஸ்னாப்ஷாட், அதாவது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பு, அதற்கு நேர் எதிர், அதே பெயரில் உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பெயரில் ஸ்னாப்ஷாட் என்று முடிபவை மாறக்கூடியவை என்று ரிசால்வரின் 'சேஞ்சிங்பேட்டர்ன்' அமைப்பில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஒருமுறை கேஷைத் துடைத்துவிடுங்கள்.

பல ஆண்டுகள் ஓடிய கட்டுமானம் திடீரென்று 501 என்ற பிழை கொடுக்கிறது.

2020 ஜனவரி 15 முதல் மேவன் சென்ட்ரல் பாதுகாப்பற்ற எச்டிடிபி வழியை மூடிவிட்டது. ஐவி 2.4.0 போன்ற பழைய பதிப்புகளில் இயல்பு முகவரி எச்டிடிபியில்தான் இருக்கிறது. முகவரியை எச்டிடிபிஎஸ் என்று வெளிப்படையாக எழுதுங்கள், அல்லது ஐவியை உயர்த்துங்கள். ஜாவா 7-ல் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 2018 ஜூன் முதல் சென்ட்ரல், டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையில் 1.2-க்குக் குறைந்ததை ஏற்பதில்லை, ஜாவா 7 இயல்பாக அதற்கும் பழையதைத்தான் பேசும்.

ஐவியை உயர்த்துவது என்று முடிவுசெய்தால் 2.5.2 அல்லது அதற்குப் பிந்தையதற்கே போங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் பாமையோ ஐவி கோப்பையோ படிக்கும்போது எக்ஸ்எம்எல் வழியாக வெளிக் கோப்புகளை இழுக்கவைக்கும் ஓட்டை இருந்தது, சிவிஇ-2022-46751 என்பது பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண். அதை அடைத்த விதத்தில் இந்தப் பக்கத்தின் விஷயமே தெரிகிறது. எக்ஸ்எம்எல்லின் அமைப்பை வரையறுக்கும் டிடிடி கோப்புகளைப் படிப்பதை ஐவி நிறுத்தியது, ஆனால் முழுவதுமாக நிறுத்த முடியவில்லை. எக்ஸ்எம்எல் விதிப்படி செல்லாத, ஆனால் மேவன் ஏற்றுக்கொள்கிற பாம்கள் பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்காகத் தன்னோடு வரும் ஒரு சிறு டிடிடியை மட்டும் ஐவி தொடர்ந்து அனுமதிக்கிறது. அடுத்தவர் களஞ்சியத்தோடு ஒத்துப்போவது என்றால் அங்கே உண்மையில் கிடப்பவற்றோடும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது.

உள் களஞ்சியத்தையும் சென்ட்ரலையும் சேர்த்து வைக்கலாமா?

'செயின்' ரிசால்வரில் இரண்டையும் வரிசையாக வைக்கலாம். ஆனால் உங்கள் நிறுவனத்தின் தொகுப்புகள் உள் களஞ்சியத்திலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று 'மாட்யூல்ஸ்' பகுதியில் கட்டாயம் எழுதுங்கள். உள்ளே பயன்படும் பெயரில் வெளியே யாராவது உயர்ந்த எண்ணோடு ஒன்றை ஏற்றினால், கருவி அதை எடுத்துவிடும் ஆபத்து உண்டு. 2021 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சான், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ரூபி மொழிகளின் களஞ்சியங்களான என்பிஎம், பைபிஐ, ரூபிஜெம்ஸ் மூன்றிலும் இதைச் செய்துகாட்டினார். மேவன் சென்ட்ரலில் குழுப் பெயருக்கு டொமைன் உரிமையைச் சரிபார்க்கிறார்கள் என்பதால் அங்கே ஆபத்து குறைவு. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

எங்கள் ஐவி தொகுப்பை மேவன் பயனர்கள் எடுக்க முடியுமா?

மேவனுக்கு ஐவி கோப்பைப் படிக்கத் தெரியாது, பாம்தான் வேண்டும். ஐவியின் 'மேக்பாம்' பணி அதைத் தயாரித்துக் கொடுக்கும். உங்கள் எந்தக் கான்ஃபிகரேஷன் எந்த ஸ்கோப்பாக வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். பத்துக் கான்ஃபிகரேஷன்களை நான்கைந்து ஸ்கோப்புகளுக்குள் அடக்கும்போது ஏதாவது இழப்பு இருக்கும். வெளியாருக்கு உண்மையில் தேவையானவற்றை மட்டும் வைத்து மற்றதை விட்டுவிடுவதே நல்லது.

கிரேடிலும் எஸ்பிடியும் இதே வழியில்தான் போகின்றனவா?

தொடக்கத்தில் இரண்டுமே ஐவியை உள்ளே வைத்திருந்தன. கிரேடில் பிறகு சொந்தமாக எழுதிக்கொண்டது. எஸ்பிடி 2019-ல் வந்த 1.3.0 முதல் கோர்சியர் என்ற வேறொரு டிபென்டன்சி கருவிக்கு மாறியது. க்ரூவி மொழியோடு வரும் கிரேப் இன்றும் ஐவியைத்தான் பயன்படுத்துகிறது.

கிரேடில் இன்னொரு பக்கமும் போனது. பாமில் சொல்ல முடியாததைச் சொல்ல '.மாட்யூல்' என்ற தனிக் கோப்பைப் பாமுக்குப் பக்கத்திலேயே மேவன் களஞ்சியத்தில் வைக்கிறது. பாமுக்குள் ஒரு குறிப்பு வரி இருக்கும், அதைக் கண்டால் கிரேடில் பாமை விட்டு அந்தக் கோப்பைப் படிக்கும். கூகுளின் குவாவா லைப்ரரி 32.1.0 முதல் இந்தக் கோப்போடு வருகிறது. ஜேஆர்இ (வழக்கமான ஜாவா), ஆண்ட்ராய்டு இரண்டில் எது வேண்டும் என்று கிரேடில் தானே தேர்ந்தெடுப்பது இதனால்தான். ஐவி இதைப் படிப்பதில்லை, பாமில் உள்ளது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே குவாவாவை ஐவியில் எழுதும்போது '-ஜேஆர்இ' என்று முடியும் பதிப்பை முழுப் பெயரோடு எழுதுங்கள்.

நாங்களே ஒரு டிபென்டன்சி மேனேஜர் எழுதுகிறோம், மேவன் களஞ்சியங்களைப் படிக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பாமைப் படிக்கும் நிரலை நீங்களே எழுதுவதற்கு முன், மேவனின் சொந்த ரிசால்வர் லைப்ரரியைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். ஈதர் என்ற பெயரில் இருந்தது அது, இப்போது மேவன் திட்டத்திலேயே இருக்கிறது. க்ளோஷர் மொழியின் கட்டுமானக் கருவியான லைனிங்கன் அந்த வழியில்தான் போனது. ஜாவா உலகத்துக்கு வெளியே எழுதுவதாக இருந்தால் அந்த வசதி கிடையாது.

அப்போது முகவரி அமைப்பில் ஒரு நாள் போதும். மீதி நேரத்தைத் தாய்ப் பாம், மாறிகள், 'டிபென்டன்சிமேனேஜ்மென்ட்', விலக்குகள், இடமாற்றக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு ஒப்பீட்டுக்கு மேவனின் வரிசையை அப்படியே எடுங்கள்: ஆல்ஃபா, பீட்டா, மைல்ஸ்டோன், ஆர்சி, ஸ்னாப்ஷாட், பிறகு வெளியீடு, அதற்கும் மேலே எஸ்பி. மோதல் விதியில் மேவனைப் பின்பற்றுவதா, வேண்டாமா என்று முதல் நாளே முடிவெடுத்து ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சோதனைக்குப் புத்தம்புதிய லைப்ரரிகளை எடுக்காதீர்கள். காமன்ஸ் கலெக்ஷன்ஸ், லாக்4ஜே 1.2.15, ஆர்பிட் பேக்கேஜிங்கோடு வந்த அந்த சர்வ்லெட் தொகுப்பு, இவற்றையெல்லாம் முதல் சோதனைத் தொகுப்பிலேயே வையுங்கள்.